மத்தியானத்து லைன்

மத்தியானமானால் ரவுட்டரின் மூன்றாவது விளக்கு அணைந்துவிடும். மற்ற விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். கரண்ட் இருக்கும், தலைக்கு மேலே ஃபான் சுற்றும், பக்கத்து வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர்ப் பம்ப் இரைந்துகொண்டே இருக்கும். அந்த ஒரு பச்சைப் புள்ளி மட்டும் யாரோ விரலால் பொத்தியதுபோல மறைந்து, கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பி வரும்.

தர்சிகா முதற் கிழமை அதைச் சட்டை செய்யவில்லை. சுன்னாகத்தில் ஒழுங்கைக்குள் ஒழுங்கையாகக் கிடக்கும் அந்த வீட்டுக்கு இணையம் வந்ததே பெரிய காரியம். ஊரெல்லாம் கண்ணாடி நார் இழுத்துக்கொண்டு போனவர்கள் அவர்களுடைய ஒழுங்கை வாசலோடு திரும்பிவிட்டார்கள். கடைசியில், அப்பா காலத்துப் பழைய செம்புத் தொலைபேசி வயரிலேயே வேகமான இணையமும் ஓடும் என்று சொல்லி ஒரு ரவுட்டரையும் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியையும் பூட்டிவிட்டுப் போனார்கள். வெள்ளைப் பெட்டிக்குப் பெயர் பில்டர். ஒரே வயரில் வரும் குரலையும் இணையத்தையும் அது பிரித்துவிடுமாம். அம்மா பாலேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

“நம்பர் மாறுமோ தம்பி?”

மாறாது என்றார்கள். அதற்குப் பிறகுதான் அம்மா ஓமென்றார். செந்தூரன் அண்ணைக்குத் தெரிந்தது அந்த நம்பர் ஒன்றுதான். பத்தொன்பது வயதில் வீட்டை விட்டுப் போனவன். போய்ச் சேர்ந்ததும் கோல் எடுக்கிறேன் என்று சொன்னவன். எடுக்கவில்லை. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டிலிருந்து அந்த வீடு அவனுடைய அழைப்புக்காகத்தான் தொலைபேசிக்குக் காசு கட்டி வருகிறது. அழுகையும் நேர்த்தியும் எப்போதோ ஓய்ந்துபோயின. இப்போது மிச்சம் இருப்பது ஒரு பழக்கம் மட்டுமே. அம்மா மத்தியானத்தில் ஹோலுக்கு வந்து ரிசீவரைத் தூக்கிக் காதில் வைப்பார். திரும்ப வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிடுவார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து இன்னொரு தடவை தூக்குவார்.

“சத்தம் இருக்கு,” என்பார், யாரையும் பார்க்காமல்.

லைன் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஏன் இரண்டு தடவை தூக்குகிறார் என்று தர்சிகா ஒருநாளும் கேட்டதில்லை. சின்ன வயதிலிருந்து பார்ப்பது கண்ணுக்குப் படாமலே போய்விடுகிறது.

அவளுக்கு வேலை மெல்பேர்ன் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் படிப்பிப்பது. அங்கே பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் இங்கே மத்தியானம். ஏழெட்டு முகங்கள் கட்டம் கட்டமாக உட்கார்ந்து ‘அணில்’, ‘ஆடு’ என்று கத்திக்கொண்டிருக்கும்போது அந்த விளக்கு அணையும். முகங்கள் அப்படியே நின்றுவிடும். வாய் திறந்தபடி ஒன்று, கண் பாதி மூடியபடி ஒன்று. ஃபான் சத்தத்தில் அவள் அந்த உறைந்த வாய்களைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். பெற்றோர் முறையிட்டு, வகுப்பை நடத்தும் ஆள் இரண்டு தரம் எச்சரித்தாயிற்று. இன்னொரு தரம் விழுந்தால் வேறு ஆளைப் பார்ப்பாராம். வீட்டுக்கு வரும் ஒரே சம்பளம் அதுதான்.

“அம்மா, மத்தியானத்திலை போனைத் தூக்காதேங்கோ. நெற் விழுது,” என்றாள் ஒருநாள்.

“நான் தூக்க முன்னமே உது விழுந்திடுது பிள்ளை,” என்றார் அம்மா.

அது உண்மைதான். அடுத்த நாள் தர்சிகா கவனித்துப் பார்த்தாள். விளக்கு அணைந்தபோது அம்மா இன்னும் குசினியில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். காரல் நெடி ஹோல்வரை வந்தது. தர்சிகா எழும்பிப் போய்த் தானே ரிசீவரைத் தூக்கினாள். வழமையான இரைச்சல் இல்லை. செத்த லைனின் வெறுமையும் இல்லை. இரண்டு போன் உள்ள வீடுகளில் மற்ற அறையில் ஒருவர் தூக்கி வைத்திருந்தால் ஒரு சத்தம் கேட்குமே, வெறும் பானைக்குள் காதை வைத்ததுபோல, அந்தச் சத்தம். அவர்கள் வீட்டில் ஒரு போன்தான்.

அவள் மெதுவாக வைத்தாள். பயம் என்று சொல்ல முடியாது. திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, முகங்கள் அசையக் காத்திருந்தாள்.

தர்சிகா முறைப்பாடு கொடுத்து மூன்றாம் நாள் லைன்மன் அருட்செல்வன் வந்தார். காதோரம் நரைத்த, அதிகம் கதைக்காத மனிதர். அம்மா மருதடிப் பிள்ளையாருக்குப் போயிருந்தார். லைன்மன் ரவுட்டரைப் பார்த்தார், வெள்ளைப் பெட்டியைக் கழற்றிப் பூட்டினார், உதட்டைப் பிதுக்கினார்.

“தங்கச்சி, வீட்டிலை இன்னொரு போன் கிடக்கோ?”

“இல்லை அண்ணை. உது ஒண்டுதான்.”

“உது பில்டரோடை கிடக்கு. உதைத் தூக்கினா நெற்றுக்கு ஒண்டும் நடக்காது. பில்டர் இல்லாத ஒரு போனை எங்கையோ தூக்கினாத்தான் இப்பிடி விழும்.”

“வேறை போன் இல்லை அண்ணை.”

அவர் வாதாடவில்லை. ஏணியைச் சுவரில் சாத்தி, தாழ்வாரத்தின் கீழிருந்த சின்னப் பெட்டியைத் திறந்தார். ஒரே ஆணிகளில் இரண்டு வயர்கள் பூட்டியிருந்தன. ஒன்று ஹோலுக்குள் போனது. மற்றது சுண்ணாம்புக்குள் மறைந்து, சுவரோடு இறங்கி, வீட்டின் பின்பக்கம் வளைந்து, தேசிமரத்தடியில் ஒரு கறுப்புப் பைப்புக்குள் நுழைந்து மண்ணுக்குள் போனது. தர்சிகா அந்தப் பைப்பைப் பார்த்தாள். அதை மறந்திருந்தாள் என்பதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அது பின்வளவுப் பதுங்குகுழிக்கு, பங்கருக்குப் போன வயர். அண்ணை போன அந்த ஆண்டு, வெள்ளை வான்கள் பெடியன்களை ஏற்றிக்கொண்டு போன காலம். அப்பா தியாகராசா, செந்தூரன் அண்ணையை அந்தப் பங்கருக்குள் ஒளித்து வைத்தார். பனங்குற்றி பரவி, மண்மூட்டை அடுக்கி, மேலே வைக்கோல் போட்டுவிட்டால் பங்கர் இருப்பது வெளியே தெரியாது. ஆனால் கிட்டப்போய்க் கதைத்தால் வேலிக்கு அப்பால் கேட்கும். அதனால் அப்பா ஒரு பழைய போனை வாங்கி, மணியைக் கழற்றி எறிந்துவிட்டு, வீட்டு லைனிலிருந்து கிளை இழுத்துக் கீழே கொடுத்தார். மத்தியானத்தில், றோட்டில் நிற்கும் ஆமிக்காரர் சாப்பிடப் போகும் நேரம், அண்ணை அங்கே தூக்குவான். அம்மா இங்கே தூக்குவார். இரண்டு பேரும் குசுகுசுத்துக் கதைப்பார்கள். சாப்பிட்டியோ, இருமல் நிண்டதோ என்று.

பிறகு ஒரு விடியற்காலை ஆள் வந்து அவனைப் படகுக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. அன்றைக்கே ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். பங்கரைக் கண்டால் வீட்டோடு எல்லாரையும் கொண்டுபோவார்கள். அப்பா ஓடிப்போய், குனிந்து கூப்பிட்டுப் பார்த்து, பதில் இல்லாததால் பெடியன் போய்விட்டான் என்று சொல்லி, குற்றிகளைத் தள்ளி மண்ணைப் போட்டு மூடினார். சில காலம் கழித்து அதற்கு மேலே தேசிமரம் வைத்தார். கூட்டிப்போக வரவிருந்த ஆளையும் பிறகு ஒருவரும் காணவில்லை. அதனால் கேட்பதற்கும் ஆள் இல்லை.

“பழைய பங்கருக்குப் போன வயர் அண்ணை. அதை மூடி எவ்வளவோ காலம்,” என்றாள் தர்சிகா.

அருட்செல்வன் தலையாட்டினார். மத்தியானம்வரை நின்று பார்ப்பதாகச் சொல்லி, தன்னுடைய சோதனைப் போனைக் கறுப்பு வயரில் கொழுவிக்கொண்டு ஏணியிலேயே இருந்தார். தோட்டத்துப் பம்ப் இரைந்தது. ஹோலுக்குள்ளிருந்து தர்சிகா, “அணைஞ்சிட்டுது,” என்றாள். அவர் போனைக் காதில் வைத்தார். வைத்தபடி இருந்தார். அவருடைய கண் தேசிமரத்துக்குப் போய், அங்கேயே நின்றது.

“என்ன அண்ணை கேக்குது?”

“தூக்கித்தான் கிடக்கு,” என்றார். போனைக் காதிலிருந்து எடுத்து, “ஈரத்துக்கு உள்ளுக்கு ஒட்டியிருக்கும். வெயில் ஏற வயர் இளகும். அதுதான்,” என்றார். அவளுக்குச் சொன்ன மாதிரி இல்லை. “வெட்டி விடட்டோ?”

அம்மாவைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்பா இழுத்த வயர், இருக்கட்டும் பிள்ளை என்று அம்மா சொல்லிவிடுவார். திரையில் பிள்ளைகளின் வாய்கள் திறந்தபடி நின்றன.

“வெட்டுங்கோ,” என்றாள்.

குறடு ‘டிக்’ என்றது. ரவுட்டர் விளக்கு உடனே வந்துவிட்டது. அருட்செல்வன் ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல், ஏணியைச் சரியாகக் கட்டாமல், மோட்டார் சைக்கிளை ஒழுங்கை முடக்குவரை உருட்டிக்கொண்டே போனார். வெட்டிய வயர் சுவரிலிருந்து கழன்று, தேசிமரத்தடியில் சுருண்டு கிடந்தது.

மறுநாள் இணையம் விழவில்லை. தர்சிகாவுக்கு அப்படியொரு நிம்மதி. மத்தியானம் வந்தது, மூன்றாவது விளக்கு அசையாமல் எரிந்தது. பிள்ளைகள் ‘ஈ’, ‘ஈட்டி’ என்று ஒரு எழுத்துக்கூட அறுபடாமல் கத்தினார்கள். அம்மா ஹோலுக்கு வந்து, ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்தார்.

திரும்ப வைக்கவில்லை. வைத்துவிட்டுச் சாப்பிடப் போகவில்லை.

“பிள்ளை!” என்றார். முகம் முழுக்கச் சந்தோசம். “இண்டைக்குச் சத்தம் இருக்கு!”

“ஒவ்வொரு நாளும் இருக்கிறதுதானே அம்மா.”

“மத்தியானத்திலை இருக்கிறேல்லை. இந்த நேரம் லைனுக்கு உப்பிடித்தான். ஒரு மாதிரிக் கும்மெண்டு கிடக்கும். நான் வைச்சிட்டுப் பிறகு எடுப்பன், அப்ப சரியா இருக்கும்.”

“எப்ப தொடக்கம்?”

“உன்ரை அண்ணை போன நாள் தொடக்கம்.”

திரையில் ஒரு சின்னப் பெண், “ரீச்சர், அடுத்தது என்ன?” என்று கேட்டாள். தர்சிகாவுக்கு அடுத்த எழுத்து ஞாபகம் வரவில்லை. வேறொன்றுதான் வந்தது. வாசற்படியில் குந்தியிருந்து அப்பா அண்ணைக்குப் புத்தி சொன்ன இரவு. அவளுக்குப் பன்னிரண்டு வயது. பங்கருக்குள் இறங்க முன்னம் அண்ணை அவள் தலையில் குட்டினான். அப்பா அவன் தோளைப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“ஆர் கூப்பிட்டாலும் வாய் திறக்கப்படாது. நான் வந்து கூப்பிட்டாலும் திறக்காதை. துவக்கை வைச்சு என்னைக் கொண்டு கூப்பிடுவிப்பாங்கள். போனிலை மட்டும் கதை.”

அண்ணை சொன்னது கேட்கிற பிள்ளை.

அப்பா அன்று காலை குனிந்து கூப்பிட்டார். வாயால் கூப்பிட்டார். பதில் இல்லை.

தர்சிகா எழும்பினாள். கால் தன்பாட்டில் நடந்தது. குசினியைத் தாண்டி, பின்கதவைத் தாண்டி, வெயிலுக்குள். பம்ப் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. தேசியிலையின் எலுமிச்சை மணம். சூடான செம்மண் மணம். அதற்குக் கீழே, பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் வருகிற மணம்.

நேற்றுச் சுருண்டு கிடந்த வயர் இன்று சுருளாக இல்லை.

நீட்டாகக் கிடந்தது. சுவரடியிலிருந்து பைப் வாய்வரை. நேராக. இறுக்கமாக.

அவள் பார்த்துக்கொண்டிருக்கவே அது அசைந்தது. ஒரு விரல் அளவு பைப்புக்குள் போனது. நின்றது. திரும்பவும் ஒரு விரல் அளவு. மண்ணில் ஒரு மெல்லிய கோடு விழுந்தது.

குந்தினாள். வயரின் நுனியைப் பிடித்தாள். அந்தப் பக்கம் இழுத்தது. பலமாக இல்லை. நெடுநாள் சாப்பிடாத ஒருவர் இழுக்கும் அளவுக்குத்தான். இழுத்தது. விட்டது. அவள் பதிலுக்கு இழுக்கிறாளா என்று பார்ப்பதுபோல நின்றது.

‘அண்ணை’ என்று கூப்பிட வாய் திறந்தாள்.

கூப்பிட்டால் பதில் வராது. அப்படித்தான் அப்பா சொல்லி வைத்திருக்கிறார்.

வீட்டுக்குள்ளே அம்மா ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். “நல்ல சத்தம் பிள்ளை,” என்று கேட்டது. “இனி அவன் எடுத்தா உடனே கேக்கும்.”

வயர் உள்ளங்கையால் வழுகிக்கொண்டு போனது, ஒரு விரல், இன்னும் ஒரு விரல். குறடு கடித்த செம்பு நுனி வெயிலில் ஒருமுறை மினுங்கியது. பிறகு பைப்புக்குள் இறங்கிவிட்டது. உள்ளே, வெகு ஆழத்தில், யாரோ ரிசீவரைப் பக்குவமாக வைத்து, திரும்பவும் தூக்கினார்கள்.