சீனக் கிழங்கும் சினங்கொண்ட நங்கையும்

மேற்கு முகடுகளுக்குப் பின்னே கதிரவன் செந்தழலாய்ச் சரிந்துகொண்டிருக்க, கீழ்வானில் அப்போதே எழுந்துவிட்ட முழுமதி, பனிவரைக் கோட்டையின் கருங்கல் மதில்களுக்கும், அவற்றின் அடியில் பாறைக்குப் பாறை தாவி ஓடிய காட்டாற்றுக்கும் வெள்ளி பூசத் தொடங்கியிருந்தது. ஆனால், வாசகர்களே, மதிலையொட்டிய தோட்டத்தில் மண்படிந்த கைகளோடு நின்ற பூதிநங்கை அந்த அழகில் ஒரு துளியையேனும் பார்க்கும் நிலையில் இல்லை. அவள் நெஞ்சு மூன்று ஆண்டுகளாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

அவள் மழநாட்டு மன்னன் கண்டன் மழவரையனின் ஒரே தங்கை. வேளரசரிடம் போரில் தோற்ற கண்டன், தன் முடியைக் காத்துக்கொள்வதற்காகத் தங்கையை ஈடாக ஒப்படைத்தான். அதை அவளிடம் நேராகச் சொல்லும் துணிவுகூட அவனுக்கு இருக்கவில்லை. கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் சிவிகையில் ஏற்றினான். சிவிகை இறங்கிய இடம் வேளரசரின் இந்தக் கோட்டை. அதன் பிறகு அவனிடமிருந்து ஓர் ஓலை வந்ததில்லை.

கோட்டைத் தலைவன் விடங்கனிடம் வந்த அன்றே அவள் வாள் கேட்டாள். அவன் மறுத்துவிட்டு, சற்றே தயங்கி, ஒரு சிறு துணிப்பையை நீட்டினான். "சீனத்து வணிகர்கள் கொணர்ந்த ரேவல்சின்னி விதை, தேவி. வேளரசரின் வயிற்று நோய்க்கு இதன் கிழங்கு வேண்டுமாம். குளிர்ந்த மலையில்தான் வளருமென்று எனக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குக் குதிரை வளர்க்கத் தெரியும். செடி வளர்க்கத் தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்றாள் அவள். ஆயினும் வாங்கிக்கொண்டாள். சும்மா இருந்தால் மதிலில் தலையை மோதிக்கொள்ள நேரிடும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

மெல்லிய மூன்று சிறகுகள் கொண்ட பழுப்பு விதைகளை முதலில் சாண் ஆழத்தில் புதைத்து, கோபத்தோடு குடம் குடமாக நீர் ஊற்றினாள். அத்தனையும் அழுகின. அடுத்த முறை காலையில் ஊறவைத்து நண்பகலில் எடுத்து, சலித்த இலைமட்கு நிரப்பிய மண்தட்டுகளில் விரற்கணு அளவுகூட ஆழமின்றி விதைத்து, நிழலில் வைத்தாள். பத்தாம் நாள் முளைத்தன. பதினைந்தாம் நாள் பாதியை நத்தைகள் தின்றன. அந்தி தோறும் மண்டியிட்டு நத்தை பொறுக்கினாள். மண்ணை ஆழக் கொத்தி, தொழுவுரம் இட்டு, எஞ்சியவற்றை இரண்டு முழ இடைவெளியில் நட்டாள். ஒரே பையின் விதைகள்தாம். ஆனால் ஒரு செடியின் தண்டு குருதியாய்ச் சிவந்தது, அடுத்ததோ வெளிறிய பச்சை. வேர் திரள வேண்டுமென்பதால் கிழங்கைத் தொடவில்லை. பூந்தண்டு எழும்பியபோதெல்லாம் அதை இரக்கமின்றி ஒடித்தெறிந்தாள். இப்போது இருபத்திரண்டு செடிகள், யானைக் காதுபோல் இலை விரித்து நின்றன. அந்த இலைகளைத் தின்ற இரண்டு ஆடுகள் மூன்றாம் நாள் மாண்டன. அதன் பிறகு அவள் சுற்றிலும் முள்வேலி போட்டுவிட்டாள்.

அந்த வேலியைத் திறந்துகொண்டு அன்று மாலை வந்தவர் வேளரசரின் அமைச்சர் நீலகங்கரையர்.

"நாளை நண்பகல் தங்கள் தமையனார் இங்கே விருந்துண்ண வருகிறார், தேவி" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "புளிச்சகீரை மசியல் என்றால் இலை நிறைய உண்பார் என்று கேள்வி. இந்தச் சீனத்து இலையும் புளிக்குமாம்."

பூதிநங்கையின் கை வேலியை இறுகப் பற்றியது. "மேலே சொல்லுங்கள்."

"ஊர் திரும்பியபின் வயிற்று நோய் வரும். பத்து நாளில் முடிந்துவிடும். யாரும் ஐயுற மாட்டார்கள். அவருக்கு வாரிசு இல்லை. தங்களைக் கோயிலென்று சொல்லி ஏமாற்றியவருடைய அரியணையில் தாங்கள் அமரலாம். அருகிலிருந்து வழிநடத்த நான் இருக்கிறேன்."

"அரசருக்கு இது தெரியுமா?"

"தெரிய வேண்டியதில்லை."

"கீரையை நானே பறிக்கிறேன். நானே பரிமாறுகிறேன்" என்றாள்.

அமைச்சர் போனதும் விடங்கன் வந்தான். மூன்று ஆண்டுகளில் அவளுக்காக எரு சுமந்தவன், நத்தை பொறுக்கியவன், அவள் சினந்து பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்டு நின்றவன். அவள் கூடையில் இலை பறிப்பதைக் கண்டு அவன் புருவம் சுருங்கியது. "என்ன செய்கிறீர்கள், தேவி?"

"அதை விடும். ஒன்றை மட்டும் பொய்யில்லாமல் சொல்லும். என் அண்ணன் என்னை அழைத்துப் போகத்தான் வருகிறானா?"

விடங்கன் தலை குனிந்தான். "இல்லை. ஈட்டை இன்னும் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிக்க வருகிறார்."

கடைசி இலை அவள் கையில் நசுங்கியது. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மடைப்பள்ளியை நோக்கி நடந்தாள். அந்தக் கணத்தில் அவள் மனத்தில் இருந்தது என்னவென்று கேட்டால், அவளாலேயே சொல்லியிருக்க முடியாது.

மறுநாள் நண்பகல். ஆயுதமற்ற நான்கு துணைவரோடு வந்த கண்டன் மழவரையன் விருந்து மண்டபத்தில் அமர்ந்தான். எதிரே அமைச்சர், வாயிலில் விடங்கன். கண்டன் தங்கையின் கண்களைப் பார்க்காமலே அவள் நலம் விசாரித்தான். அவள் தமையன் இலையில் கீரை மசியலை நிறையப் பரிமாறினாள். அமைச்சரின் இலையிலும் அதே அளவு.

"உன் கையால் சமைத்ததா, தங்காய்?" என்று கேட்டபடி கண்டன் முதற்கவளத்தை உயர்த்தினான்.

மூன்று ஆண்டுக் கோபமும் அவள் வலக்கரத்தில் வந்து நின்றது. அந்தக் கை ஓங்கி, தமையனின் மணிக்கட்டில் இடியென இறங்கியது. கவளம் தூணில் போய்ச் சிதறியது.

"அது நஞ்சு" என்றாள் பூதிநங்கை. பிறகு திரும்பினாள். "அமைச்சரே, நேற்று இதை வெகுவாகப் புகழ்ந்தீர்கள். நீங்கள் உண்ணுங்கள்."

நீலகங்கரையரின் கை இலையை நெருங்கவில்லை. "இது இவளுடைய சூழ்ச்சி" என்றார்.

"நஞ்சென்று தேவி சொல்லும்முன்பே தாங்கள் கீரையை ஒதுக்கிவைத்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்" என்று விடங்கன் உள்ளே வந்தான். அவன் முகம் கருங்கல்லாய் இறுகியிருந்தது. "என் காவலில் இருக்கும் விருந்தினருக்கா நஞ்சு? இவரைப் பிணியுங்கள்."

வீரர்கள் அமைச்சரைப் பிணித்தனர். கண்டன், "தங்காய், என்மீது உனக்கு இத்தனை அன்பா?" என்றான்.

"அன்பா? உம்மை நினைத்த நாளெல்லாம் பல்லைக் கடித்திருக்கிறேன், மழவரையரே. ஆனால் என் கோபம் என்னுடையது. அதை இந்த மனிதர் தம் வேலைக்கு இரவல் வாங்கப் பார்த்தார், கொடுக்க மாட்டேன். சரி, இப்போது சொல்லும். புதிய ஈட்டு ஓலையில் முத்திரை வைத்துக்கொண்டுதானே வந்தீர்?"

கண்டனின் கை தன்னையறியாமல் மடியைத் தொட்டது. அவள் அவன் மடியிலிருந்த ஓலையைத் தானே உருவி விடங்கனிடம் நீட்டினாள். "உரக்கப் படியும்."

"'மழவர் அரசகுலத்தார் ஒருவர் ஐந்து ஆண்டுகள் பனிவரைக் கோட்டையில் ஈடாகத் தங்குவார்.'" அவன் நிமிர்ந்தான். "முத்திரை இருக்கிறது. பெயர் எதுவும் குறிக்கப்படவில்லை, தேவி."

"பெயர் எழுதவும் கூசியிருக்கிறார். நல்லதாயிற்று. இதோ நிற்கிறாரே, இவரும் அந்தக் குலம்தானே?"

விடங்கனின் உதட்டோரத்தில் ஒரு நகை அரும்பி மறைந்தது. "ஐயமில்லை."

"இது என்ன விளையாட்டு? நான் அரசன்" என்று கண்டன் எழுந்தான். வாயிலில் இரண்டு வேல்கள் குறுக்கே வந்தன.

பூதிநங்கை மண்டபத்தின் நடுவில் நின்று சூளுரைத்தாள்: "இந்த அமைச்சரை வேளரசரின் முன் நானே நிறுத்துவேன். ஈட்டு ஓலையை அவர் தம் கையால் கிழிக்கும்வரை உம் நாட்டு உப்பும் அவர் நாட்டு உப்பும் என் நாவில் படாது. நான் திரும்பும்வரை இங்கே இரும், அண்ணா. கோயிலென்று பொய் சொல்லி நான் உம்மை அழைத்து வரவில்லை, நீரே வந்தீர்."

வெளிமுற்றத்தில் இருபது குதிரைகள் ஆயத்தமாயின. விடங்கன் தன் முத்திரை மோதிரத்தையும், இடையில் கட்டியிருந்த வாளையும் அவளிடம் கொடுத்தான். அவள் சேணத்தில் ஏறியபின்னும் கடிவாளத்தை விடாமல் நின்றான்.

"உம்மிடம் ஒன்று கேட்க வேண்டும்" என்றாள் அவள். "கோபம் தணிந்து வந்து கேட்கிறேன்."

"தணியாவிட்டால், தேவி?"

"அப்போதும் கேட்பேன்."

அவன் கடிவாளத்தை விட்டான். கோட்டைக் கதவு திறந்தது. பிணைக்கப்பட்ட அமைச்சரை முன்னே போகவிட்டு, பூதிநங்கை மலைப்பாதையில் குதிரையை விரட்டினாள்.