சூட்டுக் கச்சை

நூற்றுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. நப்பின்னை அதை எங்கும் குறித்து வைக்கவில்லை. மனத்துக்குள்ளேயே எண்ணிக்கொண்டு வந்தாள். எதிலிருந்து எண்ணுகிறாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

மற்றபடி அது எல்லா நாளையும் போன்ற காலைதான். சனிக்கோளின் நிலவான டைட்டனில், வெளியே பூச்சியத்துக்குக் கீழே நூற்றெழுபத்தொன்பது டிகிரி. பனிப்பாறையைக் குடைந்து கட்டிய வாடைநகருக்குள்ளே இதமான இருபத்திரண்டு. உணவுக்கூடத்தில் இட்லித் தட்டு இறங்கக் காத்திருந்த ஆண்கள் எல்லோருடைய இடுப்பிலும் ஒரு சிவப்புக் கச்சை. தொடைவரை இறங்கிய அந்தக் கச்சையின் ஓரத்தில் சிறு விளக்கொன்று எரிந்தது. உள்ளே வைத்துத் தைத்த தகடு சூடாகவே இருக்கும்.

நாற்பது வருடங்களுக்கு முன்னால் முதலில் குடியேறியவர்களைக் காப்பாற்றியது இந்தச் சூட்டுக் கச்சைதான். அவர்களுடைய வெளியுடைகளில் குளிர் கசிந்தது. இப்போதைய வெளியுடை தானே சூடேறும். ஆனாலும் மீத்தேன் ஏரிக்குப் பணிக்குப் போகிற எல்லோருக்கும் கச்சை கொடுப்பது வழக்கமாகிவிட்டது. பெண்கள் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள், அரிக்கும். ஆண்கள் கழற்றுவதில்லை. ஏரியில் கழிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் அதில் ஒரு பொன்னிழை சேர்க்கப்படும். கச்சை இல்லாமல் பந்தியில் உட்கார்வது, வேட்டியில்லாமல் மணமேடை ஏறுவதைப் போல. நப்பின்னையின் கணவன் வழுதியின் கச்சையில் ஒன்பது இழைகள் இருந்தன.

அவன் ஒரு சிறிய டப்பாவை அவள் பக்கம் தள்ளினான்.

"என்னங்க இது?"

"காப்பித்தூள். என் பங்குல மிச்சம் பிடிச்சது. கப்பல்ல குடுக்கற காப்பி கழனித்தண்ணி மாதிரி இருக்குமாம்."

"நாலு வருஷத்துக்கு இது காணுமா?"

"நாலு வருஷம் என்ன, பின்னை, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிரும்," என்றான். சொல்லி முடித்ததும் அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனான்.

கப்பல் கிளம்ப ஒன்பது நாள் இருந்தது. செவ்வாயில் உள்ள பெரிய மருத்துவ நிலையத்துக்குப் போக இரண்டு வருடம், திரும்ப இரண்டு வருடம். வாடைநகரில் முன்பு பிறந்த பிள்ளைகள் எல்லாம் பூமியிலிருந்து உறைநிலையில் வந்த கருக்கள். அவை தீர்ந்து, ஊர் இயல்பான வழிக்குத் திரும்பி ஆறு வருடம் ஆகிறது. ஒரு தொட்டில்கூட ஆடவில்லை. 'நலம்' என்கிற மருத்துவ எந்திரன் ஊரிலுள்ள பெண்களை எல்லாம் பரிசோதித்தது. நப்பின்னையைப் பதினோரு முறை. குறை எதுவும் தெரியவில்லை. ஆகவே குறை மிக நுட்பமானது, மேல்சிகிச்சை தேவை என்று அது முடிவு செய்தது. இந்தக் கப்பலில் இருவர் போக வேண்டும். ஒருத்தி நப்பின்னை. இன்னொருத்தி பரிமளா.

நப்பின்னை விலங்கியல் படித்தவள். வாடைநகரில் விலங்கியல் என்றால் ஒன்பது ஆடுகள். அவற்றுக்கும் குட்டி இல்லை. மூன்று முறை பெட்டைகளை மாற்றினார்கள். மின்னல் என்கிற கிடா மட்டும் மாறவில்லை. ஈர்ப்பு குறைந்த அந்த நிலவில் மின்னலால் ஓட முடியாது. மிதந்து மிதந்து குதிக்கும். அதன் பின்புறத்தைச் சுற்றி ஒரு குட்டிக் கச்சை. பட்டியைப் பார்த்துக்கொள்கிற சூசை அண்ணன் தன் கையால் தைத்தது.

"இத யாருண்ணே கட்டச் சொன்னா?" என்று ஒருநாள் அவள் கேட்டாள்.

"யாரு சொல்லணும்? வாயில்லாச் சீவன், தங்கச்சி. அதுக்குப் பாரு, முக்கியமான சாமானே வெளிய தொங்குது. குளிராதா?"

"குளிரணும்னுதாண்ணே அது வெளிய தொங்குது."

சூசை அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவளுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் சொன்னாள்.

விரைகள் ஆதியில் உடலின் ஆழத்தில், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருந்தவை. யானைக்கு இன்றும் அங்கேதான் இருக்கின்றன. பெரும்பாலான பாலூட்டிகளில் அவை கருவிலேயே கீழே இறங்கத் தொடங்கி, கடைசியில் ஒரு தோல்பைக்குள் வந்து சேர்கின்றன. உடலின் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் அங்கே விந்தணு சரியாக உருவாகும். ஏன் இறங்கின என்பதில் இன்னும் வழக்கு முடியவில்லை. குளிர்ச்சிக்காக என்பார் உண்டு. பாய்ந்து ஓடும்போது வயிற்றுக்குள் ஏறுகிற அழுத்தத்திலிருந்து தப்பிக்க என்பாரும் உண்டு. இறங்கிய வழி மட்டும் நன்றாகத் தெரிகிறது. விந்துக்குழாய் நேரே போகாமல் மேலேறி, சிறுநீர்க்குழாயைச் சுற்றிக்கொண்டு திரும்பி வருகிறது, அடுத்த தெருவுக்குப் போக ஊரையே சுற்றுகிற பேருந்தைப் போல. திமிங்கலத்துக்கு அவை உள்ளே இருந்தாலும், துடுப்பிலிருந்து குளிர்ந்த இரத்தம் அங்கே போய்ச் சேர்கிறது. வெளியே குளிர் கூடினால் பையை மேலே இழுக்கவும், சூடு கூடினால் இறக்கிவிடவும் ஒரு தசை வேறு இருக்கிறது. இத்தனை ஏற்பாட்டின் மேல் சூசை அண்ணன் ஒரு கச்சையைக் கட்டியிருந்தார்.

"அப்ப நான் பாசத்துல வேக வச்சுட்டேனா?" என்றார் சூசை.

"கொஞ்சம்."

மின்னலின் கச்சை கழன்றது. இரண்டு மாதம் கழித்துப் புதிய பெட்டை ஒன்று சினையானது. ஊரே கொண்டாடியது. "ராசியான ஆடு! வந்த உடனே சினை பிடிச்சிருச்சு பாரு," என்று அந்தப் பெட்டைக்கு நெற்றியில் பொட்டு வைத்தார்கள். மின்னலின் கச்சையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

நப்பின்னை நலத்திடம் போனாள்.

"இங்கே ஆண்களைச் சோதித்ததே இல்லையா?"

"இல்லை," என்றது நலம், தன் இனிய செந்தமிழில். "நான் பூமியின் மருத்துவமனைக் குறிப்புகளைப் படித்துக் கற்றவன். குழந்தையின்மைப் பிரிவில் வருபவர் பெண். ஆணைப் பற்றிப் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கிறது: 'கணவர் வெளியே காத்திருக்கிறார்.' எனவே நம் ஊரிலும் ஆண்களுக்கென்று வெளியே நாற்காலிகள் போட்டிருக்கிறேன். வசதியாக இருக்கின்றனவா?"

ஊர்க்குழுத் தலைவர் தில்லைநாயகத்திடம் போனாள். அவர் முழுவதும் கேட்டார், சிரித்தார். "ஏம்மா, ஆட்டையும் ஆம்பளையையும் ஒண்ணா வச்சுப் பேசறியே! எங்க பசங்க ஏரிக்குப் போறவங்கம்மா." அவருடைய கச்சையில் முப்பத்தொரு இழைகள்.

கடைசியாக வழுதியிடம் சொன்னாள். அவன் கோபப்படவில்லை. கோபப்படத் தெரியாதவன் அவன். கச்சையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இது இல்லாம ஒரு மணி நேரம் இருந்தாக்கூட வெறைச்சுப் போயிருவேன், பின்னை. உனக்குத் தெரியாது. ஒன்பது வருஷப் பழக்கம்," என்றான்.

அன்றோடு அவள் அந்தப் பேச்சை விட்டாள். அவனுடைய கச்சையில் ஓரம் பிரிந்திருந்ததை மட்டும் அன்று மாலை தைத்துக் கொடுத்தாள்.

இன்று காலை உணவுக்குப் பிறகு பயணத்துக்கு முந்தைய பரிசோதனை. வழுதி வெளி நாற்காலியில் காத்திருந்தான். நலம் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு கதவைத் திறந்து, அவனையும் முதல்முறையாக உள்ளே அழைத்தது.

"பயணத்துக்குத் தகுதியில்லை. கருவுற்று ஏறக்குறைய இரண்டு வாரம். தாய் நலம்."

வழுதி நாற்காலியைத் தேடினான். உள்ளே நாற்காலி இல்லை. தரையில் உட்கார்ந்து அழுதான். நப்பின்னை அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் வேறு எதுவும் தேவையில்லை என்று அவளுக்கு அப்போது தோன்றியது. யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம். இப்படியே இருந்துவிடலாம்.

மாலையில் உணவுக்கூடத்தில் கேசரி கிண்டினார்கள். வழுதியைத் தோளில் தட்டித் தட்டிச் சிவக்கவைத்தார்கள்.

"ஒன்பது இழைன்னா சும்மாவா!" என்றான் நன்மாறன், பரிமளாவின் கணவன். "ஏரிச் சிங்கம்யா!"

"எப்படிய்யா? என்ன பண்ண? ரகசியத்தச் சொல்லு."

வழுதி கூச்சத்தோடு நெளிந்தான். "ஒண்ணும் இல்லப்பா. கச்சைய மட்டும் தூங்கும்போதுகூட நான் கழட்டறதில்ல."

"கேட்டீங்களா!" என்று தில்லைநாயகம் எழுந்தார். "சூடுதான்யா ஆம்பளைக்குப் பலம். நம்ம முன்னோர் தெரியாமலா கட்டினாங்க? நாளையிலேருந்து எல்லார் கச்சையிலயும் அஞ்சு டிகிரி ஏத்தறோம். ராத்திரியும் கட்டிக்கணும்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

"வழுதி, உன் கச்சைய எனக்கு ஒரு வாரம் குடேன்," என்றான் நன்மாறன். "பரிமளா கப்பலேறுறதுக்குள்ள ஒரு தடவ முயற்சி பண்ணிப் பாக்கறேன்."

"ஒரு வாரத்துல என்னத்தக் கிழிக்கப் போற?" என்று யாரோ கேட்க, கூடமே சிரித்தது.

வழுதி எழுந்து, சுற்றுச் சுற்றாகக் கச்சையை அவிழ்த்தான். அது கைமாறிக் கைமாறிப் போனது. ஒவ்வொருவரும் அதைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார்கள்.

"அடேயப்பா, என்ன சூடு!"

"என்னுதுல இப்படிச் சூடே வர்றதில்லய்யா."

"ஒன்பது வருஷச் சூடுல்ல!"

மேசையின் மறுகோடியில் பரிமளா கேசரியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். நப்பின்னையைப் பார்த்துச் சிரித்தாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள், அதுதான் தாங்க முடியவில்லை. "செவ்வாயில குங்குமப்பூ கிடைக்குமாம்டி. அனுப்பறேன்," என்றாள். "அடுத்த குழந்தை செவப்பா பொறக்கும்." அவள் முழங்கைக்குள் பதினான்காவது பரிசோதனையின் பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது.

நப்பின்னை எழுந்து நின்றாள். அத்தனை பேர் நடுவில் அவள் ஒருநாளும் பேசியதில்லை. வழுதியைப் பார்த்தாள். அவன் கச்சையில்லாத இடுப்போடு, மிக மகிழ்ச்சியாக நின்றுகொண்டிருந்தான்.

"என்னங்க, கோவிச்சுக்காதீங்க," என்றாள். "அதுல விளக்கு மட்டும்தான் எரியுது. உள்ள இருந்த சூட்டுத் தகட்ட நான் எடுத்துட்டு நூத்திப் பன்னெண்டு நாளாச்சு."