முதிரைப் பெட்டி

1981, நோன்பு இருபத்திரண்டு. அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைகிற நேரத்தில் ஸைனுலாப்தீன் வேனைத் திரும்பக் கொண்டுவந்து ஜெமீலின் கடை வாசலில் நிறுத்தினான்.

“காக்கா, உங்கட பெட்டிக்கு ஜின் புடிச்சிரிக்கி.”

“ஜின்னுக்குப் பன்னிரண்டு வோல்ட் காணாது,” என்றான் ஜெமீல். “என்ன சத்தம்?”

“முதல்ல கடல் இரையிற மாதிரி. மறுகா ஆக்கள் கதைக்கிற மாதிரி. நேத்து நிந்தவூர்ல ஏறின ஒரு உம்மா, பின்னுக்கு ஆரோ அழுறாங்க எண்டு பாதி வழியில இறங்கிட்டா. பின் சீற்ல ஒருத்தரும் இல்ல.”

“நீ பாட்டுப் போட்டிரிப்பாய்.”

“நோன்புக்குள்ள பாட்டா? நான் ரேப்பைத் தொடவே இல்ல.” அவன் சிரிக்கவில்லை. “பெருநாளைக்குக் கலியாண ஹயர் பேசிட்டன் காக்கா. என்னெண்டாலும் பாத்துத் தாங்க.”

“திறப்பை வெச்சிட்டுப் போ. ராவைக்குத் தறாவீஹ் தொழுகை முடிஞ்சி வா.”

ஸைனுலாப்தீன் நடந்தே போனான். வேனுக்குள் திரும்பிப் பார்க்கவில்லை.

வேனில் பூட்டியிருந்த அம்ப்ளிஃபையர் சவூதியிலிருந்து வந்தது. பெரிய பேஸ் ஸ்பீக்கரும் அதோடு வந்ததுதான். அதற்குப் பெட்டி செய்தவன் ஜெமீல். பள்ளிவாசல் ஏலத்தில் எடுத்த பழைய முதிரை மரப் பலகை. முன்பக்கம் ஸ்பீக்கர், அதன் கீழே காற்று வந்துபோகக் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. அந்தத் துளை இருந்தால்தான் மேளத்தின் அடி நெஞ்சுக்குள் கேட்கும். கல்முனையில் அப்படிப் பெட்டி செய்ய வேறு ஆள் இல்லை.

வேலை தெரிந்தவன். வேலையை விட்டால் வேறொன்றும் இல்லாதவன். எழுபத்தெட்டில் சூறாவளி அடித்தபோது குவைத்தில் இருந்தான். தந்தி கிடைத்து அவன் வந்து சேர்வதற்குள் மனைவி அஸீஸாவை அடக்கிவிட்டார்கள். மையவாடியில் ஒரு மண்மேட்டைக் காட்டினார்கள். முகம் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வந்த மூன்றாவது நோன்பு இது. கடைக்குப் பின்னால் ஒரு பாயைப் போட்டு அங்கேயே படுத்துக்கொள்கிறான்.

எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டான். இரைச்சல் இருந்தது. டைனமோவின் இரைச்சல் என்றால் எஞ்சினோடு ஏறி இறங்க வேண்டும். இது ஏறவில்லை.

எஞ்சினை நிறுத்தினான். இரைச்சல் நிற்கவில்லை.

கசெற் பிளேயரிலிருந்து வருகிற வயரைக் கழற்றினான். எர்த் வயரைப் பிரித்து, வேன் தகரத்தில் பெயின்ற் போகச் சுரண்டி, இறுக்கிப் பூட்டினான். பாதிக் கரைச்சல் எர்த்தில்தான் இருக்கும். இந்தக் கரைச்சல் அதில் இல்லை.

ஃபியூசைப் பிடுங்கினான். அம்ப்ளிஃபையரின் சிவப்பு லைற் அணைந்தது.

இரைச்சல் இருந்தது.

ஸ்பீக்கருக்குப் போகிற இரண்டு வயரையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பெட்டிக்கும் வேனுக்கும் இனி ஒரு தொடர்பும் இல்லை.

பெட்டி தானாக இரைந்துகொண்டிருந்தது.

அதைத் தூக்கிக் கடைக்குள் கொண்டுபோய் மேசையில் வைத்தான். மஃரிப் பாங்கு கேட்டது. பஸார் ஒரே மூச்சில் வெறிச்சோடியது. எல்லோருக்கும் போக வீடு இருந்தது. ஜெமீல் ஒரு பேரீச்சம்பழத்தைக் கடித்து, தண்ணீர் குடித்து, அங்கேயே தொழுதான். ஸலாம் கொடுத்து முகத்தைத் திருப்பும்போது துளைக்குள்ளிருந்து ஒரு கிழவரின் குரல் வந்தது. களைத்த குரல்.

“விடிஞ்சிட்டா?”

அவன் துள்ளி எழுந்து நின்றான்.

“ஜெமீல்!” என்று வாசலில் இன்னொரு குரல். மோதினார் அச்சிமுகம்மது. பாங்கு சொல்கிறவர். தனியாளுக்கென்று தினமும் பள்ளிக் கஞ்சியில் மிச்சம் கொண்டுவருவார். “என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்? கஞ்சி ஆறப் போகுது.”

சட்டியை மேசையில் வைக்கக் குனிந்தவர் பெட்டியைப் பார்த்தார். பக்கப் பலகையில் ஜெமீல் மெழுகு வைத்து அடைத்திருந்த பழைய ஓட்டைகளை விரலால் தடவினார்.

“இந்தப் பலகை எங்கால?”

“பள்ளி ஏலத்தில எடுத்த. பழைய அலுமாரி எண்டாங்க.”

“அலுமாரி இல்ல தம்பி. பழைய சந்தூக்கு.” மையித்தை வைத்துத் தோளில் தூக்கிப்போகிற பெட்டி. “புதுசு வந்தோன்ன கழட்டி மூலையில சாத்தியிருந்தம். ஏலத்துக்குக் கட்டினவன் தெரியாம சேத்துக் கட்டிட்டான். இந்த ஓட்டையிலதான் பிடி பூட்டியிருந்த.”

ஜெமீல் பெட்டியிலிருந்து ஓரடி பின்வாங்கினான். “சூறாவளிக்கும் இதா?”

“இதுதான். அண்டைக்குப் பகல் முழுக்க இதை இறக்கி வெக்க நேரமில்ல.”

“அஸீஸாவையும்?”

மோதினார் கஞ்சிச் சட்டியைப் பார்த்தார். “ஓம்.”

“விடிஞ்சிட்டா?” என்றது பெட்டி.

மோதினாரின் கை தாடியில் நின்றது. மரித்தவர்களுக்கு மையவாடிக் கதவடியில் சொல்கிற ஸலாமை அவருடைய உதடுகள் முணுமுணுத்தன. பிறகு துளைக்குக் கிட்டக் குனிந்து, காது கேளாத பெரியவரோடு கதைப்பதுபோல நிதானமாகச் சொன்னார்.

“ஓம் வாப்பா. விடிஞ்சிட்டு. நீங்க போகலாம்.”

துளையிலிருந்து ஒரு மூச்சுக் காற்று வெளியே வந்தது. குளிர்ந்த காற்று. கர்ப்பூரமும் ஈர மண்ணும் மணத்தது. கஞ்சியின் ஆவி வாசல் பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது.

அந்தக் குரல் மறுபடி வரவில்லை.

“சூறாவளி ஓய முந்தி மௌத்தாகி இதில போனவங்க,” என்றார் மோதினார். “முடிஞ்சிட்டெண்டு ஆரும் சொல்லல்ல. இன்னும் அந்தக் காத்துக்குள்ளதான் இரிக்காங்க. கேக்கிறதுக்குப் பதில் சொல்லு, போயிருவாங்க. மறுகா பலகையைக் கழட்டு. மையவாடியில அடக்கிருவம்.”

“நீங்களும் இரிங்க.”

“இஷாவுக்குப் பாங்கு சொல்லணும்.” வாசலில் நின்று திரும்பினார். “ஆரெண்டு கேக்காத. ஆரையும் தேடாத. பதில மட்டும் சொல்லு.”

அவருடைய செருப்புச் சத்தம் தேய்ந்தது.

ஜெமீல் கதிரையை இழுத்துப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். உள்ளங்கையைத் துளைக்கு நேரே பிடித்தான்.

“தண்ணி வடிஞ்சிட்டா?” ஒரு பெண்.

“ஓம். வடிஞ்சிட்டு.”

குளிர் அவன் விரலிடுக்கால் போனது.

“கூரை இரிக்கா?”

“இரிக்கி. திரும்ப மேஞ்சாச்சி.”

“தோணி எல்லாம் கரைக்கு வந்திட்டா?”

“வந்திட்டு.” அவனுக்குத் தெரியாது. ஆனாலும் சொன்னான்.

ஒவ்வொருவராகப் போனார்கள். ஒரு பிள்ளை உம்மாவைக் கேட்டது. அவன் துளைக்கு இன்னும் கிட்டக் குனிந்தான். “வெளியில நிக்கிறா, போ மகன்” என்று ஒருவாறு சொல்லி முடித்தான். சின்ன மூச்சு, கையில் பட்டதும் தெரியாமல் போனது.

ஒவ்வொரு குரலுக்கு முன்பும் அவன் மூச்சைப் பிடித்தான். ஒவ்வொரு குரலுக்குப் பிறகும் விட்டான். ஆரையும் தேடாதே என்றார் மோதினார். அவன் தேடிக்கொண்டுதான் இருந்தான்.

இரைச்சல் மெலிந்தது. கடல்போல இருந்தது கிணறுபோலாகி, குடத்துக்குள் காது வைத்ததுபோலாகி, நின்றது.

பஸாரில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. மரத்தில் இலை அசையவில்லை.

முடிந்தது என்று நினைத்து ஸ்குறூ றைவரை எடுத்தான்.

உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அவனுக்குத் தெரியும் அந்தச் செருமல். கலியாணமான புதிதில் அவனோடு கதைக்க வெட்கம் அவளுக்கு. ஒன்று கேட்பதற்கு முன் அப்படித்தான் செருமுவாள். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

ஸ்குறூ றைவர் மேசையில் உருண்டு நிலத்தில் விழுந்தது.

“புள்ள,” என்றான்.

பலகைக்குள் ஏதோ திரும்பியது. குறுகிய இடத்தில் ஒருக்களித்துப் படுத்திருப்பவர் மறுபக்கம் திரும்பும் சத்தம். முதிரை மெல்ல முறுகியது. கர்ப்பூரம் மணக்கவில்லை. நனைந்த தலைமயிர் மணத்தது.

தூரத்தில் இஷா பாங்கு தொடங்கியது. மோதினாரின் குரல். சனங்கள் பள்ளிக்கு இறங்குவார்கள். தறாவீஹ் முடிய ஸைனுலாப்தீன் வருவான். அதற்குள் பலகையைக் கழற்றியாக வேண்டும். அதற்கு அவள் போயாக வேண்டும்.

ஓம் என்றால் போய்விடுவாள். மற்றவர்கள் போனதுபோல, ஒரு மூச்சாக, விரலிடுக்கால். இல்லை என்றால் அந்தக் காற்றுக்குள்ளேயே இருப்பாள்.

அவள் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

அவனுடைய கை தானாக நகர்ந்தது. உள்ளங்கையால் துளையை இறுக்கி அடைத்தான்.

உள்ளிருந்து நாலு விரல் நுனிகள் அவன் கையைத் தொட்டன. தள்ளவில்லை. தடவிப் பார்த்தன. குவைத்தில் சுட்டுக்கொண்ட பழைய தழும்பில் வந்து நின்றன. அது அவளுக்குப் புதிது.

மீண்டும் ஒரு செருமல்.

“இஞ்சாருங்க… நான் வெளியில வரட்டா?”