சனிக்கிழமை சோபா

"கொடுத்து வச்சவரு..." என்று பெருமூச்சு விட்டாள் அவள்.

எதிர் வரிசையில் ஃப்ரிட்ஜ் கதவைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா திரும்பினாள். "யாருடி?"

"அந்த ட்ரம்ஸ் அடிக்கிறவரு. பாருங்கக்கா... பாடுறவ நிக்கிறா, கிட்டார்காரங்க நிக்கிறாங்க, கீபோர்டு வாசிக்கிறவன் கூட நிக்கிறான். அந்த மனுஷன் மட்டும் ஜம்முனு உட்கார்ந்திருக்காரு."

சுவர் முழுக்க டிவிகள். பெரிசும் சின்னதுமாக அத்தனையிலும் ஒரே நிகழ்ச்சி. சனிக்கிழமை சாயங்காலமானால் நேரலையில் பேண்டுகள் போட்டி போட்டு வாசிக்கும் நிகழ்ச்சி அது. ஊரே பாட்டைக் கேட்டது. அவள் மட்டும் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். காலையிலிருந்து நிற்கிறவளுக்கு வேறென்ன தெரியும்? காலையில் சரியாக இருந்த செருப்பு, சாயங்காலம் யாரிடமோ இரவல் வாங்கியது போல் இறுக்கியது.

கடையில் வேலை செய்கிறவர்கள் உட்காரக் கூடாது. அது மாடிக்கு மாடி எழுதாத சட்டம். சூப்பர்வைசரின் கண்ணில் ஈ கூடத் தப்பாது. அதனால்தான் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'சிசிடிவி' என்று பெயர்.

பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

ஒரு ஆள் நின்றிருந்தான். கசங்கிய சட்டை, தூக்கம் கெட்டுச் சிவந்த கண்கள். ஆனால் அந்தக் களைப்புக்கு அடியில் எங்கேயோ ஒரு குறும்பு ஒளிந்துகொண்டிருந்தது. போச்சு, எல்லாவற்றையும் கேட்டுவிட்டான்...

"என்ன சார் பார்க்கிறீங்க?"

"டிவிதான்..." அவன் நடுவில் கிடந்த சோபாவைப் பார்த்தான். "உட்கார்ந்து பார்க்கலாமா?"

அது டெமோ சோபா. அங்கே வாடிக்கையாளர் உட்கார்ந்தால், ரிமோட்டோடு பக்கத்து ஸ்டூலில் அவளும் உட்கார வேண்டும். நின்றால் திரை மறைக்குமே. சட்டத்தில் இருந்த ஒரே ஓட்டை அதுதான். அவன் உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள்.

"அப்பாடா..."

தன்னையறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. அவன் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தான். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு ரிமோட்டை அமுக்கினாள்.

நிகழ்ச்சி முடியும் வரை அவன் எழுந்திருக்கவில்லை. நெளிந்தான், இடுப்பில் கை வைத்தான், இந்தப் பக்கம் சாய்ந்தான், அந்தப் பக்கம் சாய்ந்தான். "நல்லா இருக்குங்க... யோசிச்சு சொல்றேன்" என்று போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தான். அதற்கடுத்த சனிக்கிழமையும்.

"இந்த வாரமும் யோசனைதானா சார்?"

"பெரிய விஷயமாச்சே... நிதானமாத்தான் முடிவெடுக்கணும்."

"கல்யாணத்துக்குக் கூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்க."

"அதுக்கு இன்னும் ரெண்டு வாரம் சேர்த்து யோசிக்கணும்ங்க..."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்றும் தோன்றியது.

"சரி, இன்னைக்கு எந்த பேண்ட் பிடிச்சுது?"

அவன் விழித்தான். "அந்த... ட்ரம்பெட் ஊதினாங்களே, அவங்க."

அன்றைக்கு வந்த எந்த பேண்டிலும் ட்ரம்பெட்டே கிடையாது. அப்படியானால் இவ்வளவு நேரம் இந்த ஆள் எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்?... முகம் சூடாவது அவளுக்கே தெரிந்தது.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் மத்தியானமே படிக்கட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். கால் வலிக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "உன் ட்ரம்ஸ்காரர் வந்துட்டாருடி" என்று ஃப்ரிட்ஜ் அக்கா காதைக் கடிக்கும்போது, கோபப்பட்டது போல் நடிக்கவும் கற்றுக்கொண்டாள்.

சிசிடிவிக்குக் கண் உறுத்தாமல் இருக்குமா? ஒருநாள் கூப்பிட்டு விட்டார்.

"அந்த ஆளு டிவி வாங்க வரல. ஓசியில கச்சேரி பார்க்க வர்றான். நீயும் கூடவே ஜோடி போட்டு உட்கார்ந்துக்கிற. இன்னொரு தடவை அவன் அந்த சோபாவில உட்கார்ந்தா, மறுநாள் நீ வேலைக்கு வர வேண்டாம்."

வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அப்பா படுக்கையில், தம்பி படிப்பில். ஆனால் அதை விட அந்த 'ஜோடி' என்ற வார்த்தை சுருக்கென்று தைத்தது.

அந்தச் சனிக்கிழமை அவன் சோபாவை நெருங்கும்போதே அவள் குறுக்கே போய் நின்றாள். பின்னால் சிசிடிவி நிற்பது தெரிந்தது. அவர் காதில் விழ வேண்டுமென்றே குரலை உயர்த்தினாள்.

"வாங்குறதா இருந்தா உட்காருங்க சார். இல்லன்னா... ஏன், உங்க வீட்ல டிவி இல்லையா? ஓசியில பார்க்க எங்க கடைதான் கிடைச்சுதா?"

அவன் கண்களில் ஒளிந்திருந்த குறும்பு அணைந்துபோனது. "சரிங்க" என்று ஒரே வார்த்தை. படியிறங்கிப் போய்விட்டான்.

பிறகு அவன் வரவேயில்லை. டிவிகளில் பேண்டுகள் வாசித்துக்கொண்டேயிருந்தன. சோபா காலியாகவே கிடந்தது. அவள் நின்றாள்... நின்றுகொண்டேயிருந்தாள். வலிப்பது கால்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

இறுதிச் சுற்று மட்டும் ஞாயிற்றுக்கிழமை என்றார்கள். அன்று அவளுக்கு விடுமுறை. சித்தி வீட்டுக்குக் கிளம்பியவளை வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. வந்த பஸ்ஸின் முன்வாசலில் ஓடி ஏறினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள்... அப்படியே நின்றுவிட்டாள்.

ஓட்டுநருக்கு மேலே இருந்த கண்ணாடியில் அந்தக் கண்கள். அதே சிவப்பு, அதே களைப்பு. அவளைப் பார்த்தன. உடனே சாலைக்குத் திரும்பிக்கொண்டன.

'ஓட்டுநருடன் பேசக் கூடாது' என்று பலகையில் எழுதியிருந்தது. மன்னிப்பு கேட்கவும் வழியில்லை. முன்கண்ணாடியில் மழை வழிவதையும், இடுப்புக்குப் பின்னால் அவன் செருகி வைத்திருந்த சின்னத் தலையணையையும் பார்த்துக்கொண்டே நின்றாள். சித்தி வீட்டு நிறுத்தம் வந்தது... போனது.

"கடைசி ஸ்டாப்புமா. இறங்கலையா?" என்றார் கண்டக்டர்.

"டிரைவர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்ணே."

"அப்போ டீக்கடையில உட்காரு, வருவான். ஆனா பயல் உட்கார மாட்டான். நாள் பூரா சீட்டுல உட்கார்ந்து முதுகு போச்சு. வேலை முடிஞ்சா உட்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சோறே நின்னுக்கிட்டுதான் திங்கிறான்." கண்டக்டர் அவளோடு கூடவே இறங்கி நடந்தபடி தொடர்ந்தார். "இதுல கொஞ்ச நாளா சனிக்கிழமையானா எங்கேயோ டிவியில பாட்டு பார்க்கப் போறேன்னு போய் உட்கார்ந்துட்டு வந்து, ராத்திரி பூரா முனகுவான். ரூம்ல டிவி சும்மா கிடக்கு. இவனுக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம் வேற... என்னத்தைச் சொல்ல?"

அவள் டீக்கடையில் இருந்த ஒரே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

அவன் நனைந்தபடி வந்து தூணோரம் நின்றான். கடை டிவியில் இறுதிச் சுற்று ஓடிக்கொண்டிருந்தது.

"முதுகு ரொம்ப வலிக்குமா?" என்று மெல்லக் கேட்டாள்.

"சொல்லிட்டாரா..."

"நீங்க ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்னை உட்கார விட்டிருப்பீங்களா?"

"அன்னைக்கு உங்களை ஓசின்னு..." குரல் உடைந்தது.

"பின்னாடி உங்க சூப்பர்வைசர் நின்னாரு. அணைஞ்சு கிடந்த ஒரு டிவியில தெரிஞ்சாரு. எனக்குக் கண்ணாடி பார்த்தே பழக்கம். நான் வந்தா உங்க வேலை போயிடும்னு புரிஞ்சுது. அதான் வரல."

"எதுக்குங்க இதெல்லாம்... நான் யாரு உங்களுக்கு?"

அவன் மழையைப் பார்த்தான்.

"முதல் நாள் நீங்க ஏங்கினதைக் கேட்டு, நான் உட்கார்ந்தா பக்கத்து ஸ்டூல்ல நீங்களும் உட்காரலாமேன்னுதான் சோபாவைக் கேட்டேன். உட்கார்ந்ததும் 'அப்பாடா'ன்னீங்க. தினமும் எத்தனையோ பேரை ஏத்தி இறக்குறேன். சீட்டு கிடைச்சவங்க யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல. அதை இன்னொரு தடவை கேட்கணும்னுதான் மறுவாரம் வந்தேன். அப்புறம்... கேட்காம இருக்க முடியல. உங்களைப் பிடிச்சுப் போச்சுங்க. அவ்வளவுதான்."

டிவியில் ஜெயித்த பேண்டின் பெயரை அறிவித்தார்கள். கடையே கை தட்டியது. எந்த பேண்ட் என்று இருவருக்கும் தெரியாது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, வலித்த கால்களை நீட்டிக்கொண்டாள்.

"உட்காருங்கன்னு உங்ககிட்ட நான் சொல்லவே மாட்டேன்" என்றாள். "நம்ம வீட்டுக்கு... ஒரே ஒரு நாற்காலி போதும்."

அது மண்டையில் ஏற அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏறியதும், தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்பாடா..." என்றான்.