தாமதங்களைக் கணக்கில் கொள்ளாதே

அன்று காலை ஒன்பதே காலுக்குள் ஐம்பத்திரண்டு நாடுகளில் இறந்தவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். முன்பெல்லாம் ஒரு நாட்டில் குரலகத்தை நிறுவவே கோவை அலுவலகம் ஒரு வாரம் நாய் படாத பாடு படும்.

"ஒரே கோப்புதான் அக்கா! ஏத்துனதும் ஓடுது!" என்று குதித்தாள் உடன் வேலை செய்யும் ரெஹானா.

செவ்வந்தி சிரித்தாள். இறந்தவரின் பதிவுகளைக் கொண்டு அவரைப் போலவே உலாவியில் உரையாடும் செயலிதான் குரலகம். அதன் அடியில் நூலகம் எனப்படும் ஒரு நிரல் தொகுப்பு கிடந்தது. ஒவ்வொரு இயந்திர வகைக்கும் தனித்தனியாகத் தொகுத்தாக வேண்டிய நிரல். அது ஓடும் சேவையகக் கணினி மாறினால் முரண்டு பிடிக்கும், குரல்கள் ஊமையாகிவிடும். அதை எழுதியவன் அவள் கணவன் கதிரேசன். ஆஸ்துமா அவனைக் கொண்டுபோய் இரண்டு வருடம். அவன் குரலும் அதில்தான் ஓடியது. வாரத்துக்கு நான்கு நாள் அறுந்துபோனது. அது பொறுக்காமல்தான் நூலகத்தையே கழற்றி எறிந்துவிட்டு, எந்த இயந்திரத்திலும் ஓடும்படி எல்லாவற்றையும் திரும்ப எழுதினாள்.

பழையதையும் புதியதையும் லட்சம் வாக்கியங்களில் ஒப்பிட்டாள். சொற்கள் அச்சு அசலாகப் பொருந்தின. பழையது மட்டும் ஆங்காங்கே அரை நொடி தயங்கியது. இயந்திரத்தின் மந்தம் என்று முடிவுகட்டி, தாமதங்களைக் கணக்கில் கொள்ளாதே என்று சோதனையில் ஒரு வரி சேர்த்தாள். எல்லாம் தேறியது. பழைய சேவையகங்களை அழிக்க அவளே கையெழுத்தும் போட்டாள்.

இப்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவனை அழைத்தாள்.

"ஏனுங்க, கேக்குதுங்களா?"

"நல்லா கேக்குது கண்ணு. சாப்பிட்டியா, இன்னைக்கும் வெறும் டீதானா, உன்னையெல்லாம் திருத்தவே முடியாது போ."

கதிரேசன் ஒருநாளும் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னதில்லை. நடுவில் நிறுத்தி மூச்சை இழுப்பான். அந்த அரை நொடியில் அவள் இன்ஹேலரைத் தேடி எழுந்துவிடுவாள். அவரவர் மூச்சுக்கு ஏற்ற நிறுத்தங்களை அவன் நூலகத்துக்குள் எழுதிவைத்திருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பதறிப்போய்ப் பழைய சேவையகத்தைத் தேடினாள். துடைத்து வைத்தது போலிருந்தது. புகார்ப் பெட்டியைத் திறந்தாள். ஒரு புகார்கூட இல்லை; குரல் இப்போது தெளிவாக இருக்கிறது என்று நன்றிக் கடிதங்கள்தான் குவிந்திருந்தன.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் கேட்டாள்.

"மூச்சு இளைக்குதுங்களா?"

"துளிகூட இல்ல கண்ணு. இப்பத்தான் நல்லாருக்கேன்."

இந்த ஒரு பதிலுக்காக, அவனோடு வாழ்ந்த பதினோரு வருடமும் அவள் வேண்டாத தெய்வமில்லை. அன்று கேட்டுவிட்டாள். பேசுவது கதிரேசன் இல்லை என்பது அவளுக்கு உறுதியாயிற்று.