துர்கா அக்காவின் படம்

ஆரணியை ஒட்டிய சேவூரில், நெசவாளர் தெருவில், புதிய கைப்பேசி வாங்க நினைப்பவர்கள் முதலில் தீபாவைத்தான் கேட்பார்கள். அவளுக்கு வயது பன்னிரண்டு. சொந்தமாக ஒரு கைப்பேசியும் கிடையாது. ஆனாலும் தெருவுக்குள் புதிதாக எது வந்தாலும் அதன் கேமராவைச் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டாள்.

வெயிலில் ஒரு படம், நிழலில் ஒரு படம், ஓடும் நாயை ஒரு படம் எடுப்பாள். முன்பு பார்த்த கைப்பேசிகளின் படங்களோடு ஒப்பிட்டு, பத்துக்கு இத்தனை என்று நோட்டில் மதிப்பெண் எழுதுவாள். அவள் கையில் கைப்பேசியைக் கண்டதுமே தெருநாய் எழுந்து ஓடத் தொடங்கும். படம் எடுக்க அதுவும் வசதியாகவே இருந்தது.

பதினான்கு நாட்களாக அந்த நோட்டை அவள் திறக்கவில்லை.

எதிர்வீட்டுத் துர்கா அக்கா இறந்துபோயிருந்தாள். காய்ச்சல் என்று வேலூருக்கு அழைத்துப் போனார்கள். ஐந்தாம் நாள் உயிரின்றிக் கொண்டுவந்தார்கள். அவளும் அவள் கணவர் ஜெயச்சந்திரனும் அருகருகே அமர்ந்து பட்டு நெய்தவர்கள். இப்போது அந்த வீட்டின் இரண்டு தறிகளும் ஓசையற்றுக் கிடந்தன.

அவர்களுடைய மகள் நிலாவுக்கு ஐந்து வயது. அடக்கம் செய்த அன்று அவளைச் சேத்துப்பட்டில் உறவினர் வீட்டில் வைத்திருந்தார்கள். அவள் இதுவரை அழவில்லை. “எங்கம்மா வேலூர்ல கீது. ஊசி போட்டுகினு வரும்” என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்காகத் துர்காவின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, வெள்ளிக்கிழமை மாலை கொண்டுவந்தார்கள். தீபாவும் அங்கே இருந்தாள். அந்தப் படத்தை எடுத்தவளே அவள்தான். ஆடி மாதம் கோவிலில் கூழ் ஊற்றிய அன்று, சித்தப்பாவின் புதுக் கைப்பேசியில் எடுத்தது. அந்தக் கைப்பேசிக்கு அவள் நோட்டில் ஒன்பதரை மதிப்பெண்.

ஜெயச்சந்திரன் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். நிலா வந்து நின்று பார்த்தாள்.

“இது யாருப்பா?”

“உங்கம்மாதான்.”

“இல்ல. இது புடவைக் கடை பொம்ம.”

அவள் அருகே சென்று படத்தின் இடக் கன்னத்தை உற்றுப் பார்த்தாள். “குழி எங்க?” என்று கேட்டாள். அவள் விலகிப் போய், தறிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

பக்கத்து வீட்டு அம்மணி அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “பதினாலு நாள்ல பெத்தவள மறந்துபோச்சே இந்தக் கொழந்த.”

நிலா எதையும் மறக்கவில்லை என்பது தீபாவுக்குத் தெரியும்.

துர்கா அக்காவின் இடக் கன்னத்தில் மூன்று அம்மைத் தழும்புகள் உண்டு. சின்னஞ்சிறு குழிகள். நிலா தினமும் அவற்றில் விரல் வைத்தபடிதான் தூங்குவாள். அந்தத் தழும்புகளை எண்ணிக் கூச்சப்பட்டு, கேமராவைக் கண்டாலே அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆடி மாதத்தில் ஒருநாள்தான் தீபாவின் கெஞ்சலுக்கு இரங்கி நேராகப் பார்த்தாள். தீபாவோ, கேமராவில் ‘அழகு’ என்றிருந்த கோட்டைக் கடைசிவரை இழுத்துவிட்டுப் படம் எடுத்தாள். தழும்பு மறைந்தது. நிறம் வெளுத்தது. முகவாய் ஒடுங்கியது.

படத்தைப் பார்த்து அக்கா சிரித்தாள். “யாருடி இவ, ஷோக்கா கீறா?”

அதைப் பாராட்டு என்றே தீபா அன்று எண்ணியிருந்தாள்.

மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து அவள் ஜெயச்சந்திரனிடம் போனாள்.

“மாமா, அது அக்கா முகம் இல்ல. நான்தான் மாத்திட்டேன். நிலா மேல தப்பு இல்ல.”

அவர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “எனக்கும் யாரோ மாதிரிதாம்மா இருந்துச்சு” என்றார். “வேற படம் எதுவும் இல்லியே. கல்யாண ஆல்பம் அம்மை போடறதுக்கு முந்தி எடுத்தது. அடையாள அட்டையில கீற படத்துல அது மனுஷிதானான்னே தெரியல.”

“அந்தப் படத்த அப்படியே பழையபடி மாத்த முடியாதுங்க மாமா. எடுக்கும்போதே தழும்ப போன் அழிச்சிடுச்சி. நாளைக்குள்ள வேற தேடிக் குடுத்தா மாத்துவீங்களா?”

“கெடச்சா மாத்தாம இருப்பனா?”

கோவிலில் அன்று படம் எடுத்தவர்கள் தெருவில் பலர் இருந்தார்கள். ஒரே நாள், ஒரே இடம், ஒரே ஆள், வெவ்வேறு கேமராக்கள். தீபா வீடு வீடாகச் சென்று படங்களைப் புரட்டினாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் வீரபாகுவின் கைப்பேசியில் அக்கா இருந்தாள். ஆனால் அவள் கன்னம் பளிங்குபோல் இருந்தது.

“நான் எதையும் தொடலம்மா. வாங்கனதுல இருந்து அப்படித்தான் எடுக்குது” என்றார் வீரபாகு. “அதுல நானே எம் பையனுக்குத் தம்பி மாதிரி கீறேன்.”

“உங்களுக்குப் பையனே இல்லியேண்ணா.”

“அதாம்மா சொல்றேன். கல்யாணமே ஆவாத ஆளு மாதிரி கீறேன்.”

வேறு நேரமாக இருந்தால் தீபா சிரித்திருப்பாள். அடுத்தடுத்த வீடுகளிலும் அதே கதைதான். ஒன்றில் முகத்துக்குக் குறுக்கே கை. ஒன்றில் பாதி முகம் மட்டும். தெளிவாகத் தெரிந்த முகங்களிலெல்லாம் வழவழப்பு. எத்தனை விலை உயர்ந்த கேமராவோ அத்தனை வழவழப்பு.

கடைசியாக அம்மணி அத்தையின் கைப்பேசியைப் பார்த்தாள். கோவில் படங்களைத் தாண்டியதும் அடுத்து வந்தது ஒரு பட்டுப் புடவை. வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்திருந்தார்கள். மங்கலான படம்தான். ஆனால் சரிகையில் விலகியிருந்த ஓர் இழைகூட அதில் தெரிந்தது.

“அத்தை, இது மட்டும் ஏன் இப்படிக் கீது?”

“அதுவா? நெஞ்சி முடிச்சி தறியில இருந்து அறுத்த புடவைய மொதலாளிக்கு அனுப்பனது. புடவை படத்துல மட்டும் ஒண்ணுமே பண்ணக்கூடாதுன்னு சொல்லிக்கீறாரே. கலர் கொஞ்சம் மாறனாலும் வாங்கனவங்க திருப்பி அனுப்பிடுவாங்க. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, காலங்காத்தால வாசல்ல வச்சித்தான் எடுக்கணும்.”

தீபா படத்தின் ஓரத்தைப் பார்த்தாள். புடவையின் மேல்விளிம்பைப் பிடித்திருந்த இரண்டு கைகள் தெரிந்தன. எதிர்வீட்டுப் புடவைகளைப் பிடித்தது யார்? துர்கா அக்காதான். ஜெயச்சந்திரன் மாமா படம் எடுப்பார், அக்கா புடவையைப் பிடிப்பாள்.

அவள் மீண்டும் எதிர்வீட்டுக்கு ஓடிப் புடவைப் படங்களைக் கேட்டாள்.

“அதெல்லாம் அனுப்பனதும் அழிச்சிடுவேன்” என்றார் ஜெயச்சந்திரன். “போன்ல எடம் இருக்காது. மொதலாளிகிட்ட இருந்தாத்தான் உண்டு.”

மறுநாள் சனிக்கிழமை. இருவரும் ஆரணிக்குப் பேருந்தில் போனார்கள். நூல் கொடுத்துப் புடவை வாங்கும் தமிழ்செல்வன் கடையில் இருந்தார். தீபாவைக் கண்டதும் அவர், “நாலு மார்க் போட்டியே, அந்த போன் இன்னும் நல்லாத்தான் ஓடுது” என்றார். சென்ற ஆண்டு கடைக்கு எந்தக் கைப்பேசி நல்லது என்று அவளைத்தான் கேட்டிருந்தார். மங்கல் என்று அவள் ஒதுக்கியதையே வாங்கிக்கொண்டார்.

வந்த காரணத்தை ஜெயச்சந்திரன் சொன்னதும் அவர் முகம் மாறியது. “நான் எதையும் அழிக்கறதில்ல. வாங்க, பார்க்கலாம்” என்று கணினியின் முன் அமர்ந்தார்.

முதல் புடவை, மயில் கழுத்து நிறம். மேலே இரண்டு கைகள் மட்டும். இரண்டாவதிலும் கைகள்தாம். மூன்றாவதில் புடவைக்கு மேலே உச்சி வகிடு தெரிந்தது. ஒவ்வொன்றாகப் பதினெட்டுப் புடவைகள் வந்து போயின. ஒவ்வொன்றிலும் புடவையின் குறையும் நிறையும் தெளிவாகத் தெரிந்தன. பிடித்திருந்தவளின் முகம் தெரியவில்லை. ஜெயச்சந்திரன் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றார்.

“மாமா, அவ்ளோதானுங்களா?” என்று தீபா தமிழ்செல்வனிடம் கேட்டாள்.

“இரும்மா. பத்தொம்பதுல ரெண்டு படம் அனுப்பிக்கீறாரு. மொதல்ல வந்தது கெட்டுப்போனது.”

அவர் அதைத் திறந்தார்.

அரக்கு நிறப் புடவை ஒருபக்கம் சரிந்திருந்தது. கீழே இருந்து ஒரு சின்னக் கை அதைப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தது. சரிந்த விளிம்புக்கு மேலே துர்கா அக்காவின் முகம். கீழே குனிந்து பார்த்து, அதட்டப் போகிறாளா சிரிக்கப் போகிறாளா என்று சொல்ல முடியாத முகம். காலை வெயில் பக்கவாட்டில் விழுந்து, இடக் கன்னத்தின் மூன்று குழிகளிலும் நிழல் தங்கியிருந்தது.

“மாமா, வாங்க” என்றாள் தீபா.

ஜெயச்சந்திரன் வந்து பார்த்தார். பார்த்தபடியே நின்றார். தமிழ்செல்வன் நாற்காலியைவிட்டு எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்.

பெரிதாக்க வேண்டிய ஸ்டுடியோ அடுத்த தெருவில் இருந்தது. அதை நடத்தும் அருள்மணி படத்தைக் கணினியில் ஏற்றினார். சுட்டியின் அம்பு தானாகவே கன்னத்துக்குப் போனது.

“ரெண்டே நிமிஷம். தழும்ப எடுத்துட்டா பளிச்னு ஆயிடும்.”

“வேணாம்ணா” என்றாள் தீபா.

“மூஞ்சில நிழல் கீதே.”

“இருக்கட்டும்.”

“என்னம்மா நீ, பேஜார் பண்றியே. நாளைக்குப் பார்க்கறவங்க என் வேலையத்தான் கொற சொல்லுவாங்க. சரி, கீழ ஒரு கை வந்துக்கீது. அதையாவது வெட்டட்டுமா?”

“அது அவங்க பொண்ணு கைண்ணா.”

அருள்மணி சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காரியம். உறவினர்கள் நிறைந்திருந்தார்கள். புதிய படத்தைச் சட்டத்தில் மாற்றி, மாலை போட்டு, முன்னால் வாழையிலை விரித்திருந்தார்கள். நிலா தறிக்குப் பின்னாலிருந்து வர மறுத்தாள். தீபா அவளருகே போய்க் குந்தினாள்.

“ஒரு தடவ பாரு. புடிக்கலன்னா வந்துடலாம்.”

நிலா வந்தாள். படத்தின் முன் நின்றாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு விரலை நீட்டி இடக் கன்னத்தில் வைத்தாள். முதல் குழி, இரண்டாவது குழி, மூன்றாவது குழி. விரல் கண்ணாடியின் மேல் வழுக்கியது.

“வழவழன்னு கீது” என்றாள்.

“அது கண்ணாடி” என்றாள் தீபா.

“உள்ளதான் அம்மா கீதா?”

“படம் மட்டும்தான்.”

“அம்மா வராதா?”

வராது என்று தீபா தலையை அசைத்தாள். பதினாறு நாட்களில் முதன்முறையாக நிலா அழுதாள். ஜெயச்சந்திரன் அவளை வாரி மடியில் வைத்துக்கொண்டார். யாரும் அவளை அழாதே என்று சொல்லவில்லை.

அழுகை தேய்ந்து விக்கலாகியபோது, அம்மணி அத்தை படையல் இலையில் வடைகளை எடுத்துவைத்தாள். நிலா அப்பாவின் மடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இதுல மிளகு கீது” என்றாள். “அம்மாவுக்கு மிளகு புடிக்காது.”

அத்தையின் கை நின்றது. வடை சுட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மைதான். துர்காவுக்கு மிளகு ஆகாது. அத்தனை பேரில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

நிலா மடியிலிருந்து இறங்கினாள். மூக்கை உறிஞ்சியபடி இலையின் முன் சம்மணமிட்டு அமர்ந்து, ஒரு வடையை எடுத்து மிளகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். தீபாவும் அவளருகே அமர்ந்து இரண்டாவது வடையைக் கையில் எடுத்தாள்.