பத்து நிமிடத்துக்கொரு நலமா

நெருங்கி உட்காருங்கள், என் செல்லங்களே. எனக்கு ஒரு குறையும் கிடையாது என்று சொல்லிக்கொண்டே செத்துச் செத்துப் போன ஒரு காரின் கதையை உங்களுக்கென்று வைத்திருக்கிறேன்.

பொள்ளாச்சியில் எல்லாப் பொறிகளின் நெற்றியிலும் ஒரு நலங்கேட்பி ஒட்டியிருந்த காலம் அது. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். கிணற்று மோட்டாரானாலும் மாவரைக்கும் கிரைண்டரானாலும், மணிக்கொரு முறை மின்குறியால் "நலமா?" என்று கேட்கும். பச்சை எரிந்தால் நலம். சிவப்பு எரிந்தால் பழுது, அது எந்த இடம் என்றும் காட்டிக்கொடுத்துவிடும். துளசிமணியின் பட்டறையில் வேலை என்பதே சிவப்பு காட்டிய இடத்தைக் கழற்றி மாற்றுவதுதான்.

அந்தத் துளசிமணியைத்தான் நாச்சிமுத்துவின் ஐம்பது வயதுக் கார் திணறடித்தது. நாலு மணி நேரம் நிறுத்திவைத்தால் பேட்டரி செத்துவிடும். சார்ஜ் ஏற்றிக் கேட்டாலோ பச்சை!

அது சாதாரணக் கார் இல்லை. தாமே ஓடும் தன்னோட்டிகள் பனிமூட்டத்தைக் கண்டால் நின்ற இடத்தில் நின்றுவிடும். வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு, பாதி நாள் மூட்டம். பிரசவமோ பாம்புக்கடியோ, மலையிலிருந்து ஆளை இறக்க, மனிதன் கையால் ஓட்டுகிற இந்த ஒரு கார்தான் மிச்சம். அது இரண்டு உரிமச் சோதனைகளில் கிளம்பாமல் நின்றுவிட்டது. மூன்றாவது அன்று மாலை ஐந்து மணிக்கு. தவறினால் பழைய வண்டிகளை நசுக்கும் ஆலைக்குப் போக வேண்டியதுதான்.

"ஏனம்மிணி, ஏதாச்சும் தட்டுப்படுதா?" என்றார் நாச்சிமுத்து, காலையிலிருந்து பதினோராவது முறையாக.

"நீங்க சித்த நேரம் பேசாம இருந்தீங்கன்னாவே பாதி தட்டுப்படுமுங்ணா."

"பேட்டரி புதுசு, டைனமோ புதுசு, ஒயரும் புதுசு. இனி நானொருத்தந்தான் பழசு."

"சாயந்தரத்துக்குள்ள முடியாட்டி உங்களையும் கழட்டிப் பாத்தர்லாமுங்."

அவள் பேட்டரிக் கம்பியைப் பிரித்து நடுவே ஒரு முள் மீட்டரைச் சேர்த்தாள். காரிலிருந்து எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று முள் காட்டும். சாவியை எடுத்தார்கள், கதவைச் சாத்தினார்கள், இருவரும் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

சாவியை எடுத்ததும் கார் தூங்கிவிடாது, கண்ணுகளா. அதன் வயிற்றில் பதினேழு மின்மூளைகள். பிள்ளைகளைப் போல அவை ஒவ்வொன்றாகத்தான் கண்ணயரும். முள் ஐந்திலிருந்து மூன்றுக்கு வந்தது. அப்புறம் ஒன்று. இதோ, பூஜ்யத்தைத் தொடப் போகிறது...

டிக்!

உள்ளே ஏதோ ஒரு ரிலே சுவிட்ச் தட்டியது. முள் துள்ளி மறுபடி ஐந்தில் நின்றது.

"ஆரோ எழுப்பி உடறாங்க!" துளசிமணி எழுந்தே விட்டாள். ஹாரன் பியூஸைப் பிடுங்கினாள். பத்து நிமிடம் கழித்து டிக்! ரேடியோ பியூஸ். டிக்! விளக்கு பியூஸ். டிக்! கடிகாரம் வைத்தாற்போல் பத்து நிமிடத்துக்கு ஒன்று.

"அம்மிணி, அந்தப் பச்சையும் அப்பத்தான் மினுக்குது பாரு."

துளசிமணி திரும்பிப் பார்த்தாள். முள் துள்ளுகிற அதே கணத்தில் நலங்கேட்பி "நலம்" என்று கண் சிமிட்டியது.

"அண்ணா! இதுதானுங் எழுப்பறது! புது வண்டி அரைத்தூக்கத்துலயே பதில் சொல்லிரும். இது பழசு. பதினேழு மூளையும் முழிச்சாத்தான் ஒரு பதில் வரும். முழிச்சுட்டுச் சொன்னா நலமாத்தான இருக்கும்?"

"மணிக்கொருக்கா கேட்டதுக்கா இத்தன?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் சோதனையில் கார் நின்றது பழைய பேட்டரியால். அதை மாற்றியதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் நாச்சிமுத்து பயந்துபோய், அடிக்கடி கேட்கச் சொன்னார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று திருப்பி வைத்தவள் துளசிமணியேதான்.

"நாம ரெண்டு பேருமாச் சேந்து அதத் தூங்க உடாமயே கொன்னுருக்கறமுங்ணா."

அவள் பிடுங்கிய பியூஸ்களைத் திரும்பச் செருகினாள். நலங்கேட்பியின் கம்பியை வெட்டி, இன்ஜின் ஓடும்போது மட்டும் மின்சாரம் வருகிற கம்பியில் இணைத்தாள். சட்டப்படி அது இருக்கும், ஆனால் ஓடும்போதுதான் கேட்கும். எட்டே நிமிடம்! முள் பூஜ்யத்தில் படுத்தது. மாலை வரை எழவே இல்லை.

ஐந்து மணிக்கு ஆய்வாளர் ஹேமபிரபா கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு வந்து இறங்கினார். சாவியைத் திருகியதும் கார் ஒரே உறுமலில் கிளம்பியது. நாச்சிமுத்து ஸ்டியரிங்கையே கட்டிக்கொண்டார்.

"மலை ஏறிப் பாத்துட்டுத்தான் கையெழுத்து," என்றார் ஆய்வாளர்.

மூவரும் கிளம்பினார்கள். வழியில் ஆய்வாளரின் மணிக்கட்டைப் பார்த்துத் துளசிமணி அதிர்ந்தாள். "மூணு நலங்கேட்பியா மேடம்? மனுசருக்குமா?"

"ஆபீசுல எல்லாருக்கும் ஒண்ணு கட்டாயம். எனக்குக் களைப்பா இருக்குன்னு சொன்னேன், இன்னொண்ணு கூட்டினாங்க. அப்பவும் தீரல. அதான் மூணு. ராத்திரியிலயும் மாத்தி மாத்தித் தட்டிக் கேக்கும்."

துளசிமணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஒன்பதாவது வளைவில் மூட்டம் இறங்கியது. மலைச்சரிவில் அலைக்குறி அறுந்தது, மூன்று பச்சைகளும் அணைந்தன. ஆய்வாளரின் தலை துளசிமணியின் தோளில் சாய்ந்தது. நாற்பது வளைவும் திரும்பி முடியும்வரை அசையவில்லை.

வால்பாறையில் அலைக்குறி வந்ததும் மணிக்கட்டு செக்கச் செவேலென்று கூச்சலிட்டது. "ஆய்வாளர் பதில் சொல்லவில்லை. ஆய்வாளர் பழுது. மீட்பு வண்டியில் நான்கு அதிகாரிகள் புறப்பட்டுவிட்டார்கள்."

ஹேமபிரபா திடுக்கிட்டு எழுந்து கைப்பேசியைப் பார்த்தார். "ஒன்பதாவது வளைவுலயே அசையாம நிக்கறாங்க."

"தன்னோட்டியில வந்திருப்பாங்க மேடம். மூட்டம் கலையற வரைக்கும் அது நகராதுங்," என்றார் நாச்சிமுத்து.

ஆய்வாளர் உரிமத் தாளைச் சூடான பானெட்டின் மேல் விரித்து, ஒரே வீச்சில் கையெழுத்துப் போட்டார். மூன்று நலங்கேட்பிகளையும் கழற்றிப் பைக்குள் போட்டார். பல வருடங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் களை தெரிந்தது.

"போய் அந்த நாலு பேரையும் பத்திரமாக் கூட்டிட்டு வாங்க. வழியில தூங்கிட்டாங்கன்னா, தயவுசெஞ்சு நலமான்னு மட்டும் கேட்டுறாதீங்க."

உங்கள் வீட்டுக்கும் நலம் கேட்க நாலு பேர் வரட்டும், தங்கங்களே. பகலில் வரட்டும், ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போகட்டும். விளக்கணைத்த பிறகு, உங்கள் கூரையின் கீழ் படுத்த அத்தனை பேருக்கும் யாரும் தட்டி எழுப்பாத தூக்கம் வாய்க்கட்டும்.